முழுப்பேர்

தேயிலைத் தோட்டத்தில் பேர் என்றால் ஆளுக்கு வைக்கிற பேர் மட்டும் இல்லை. விடியக்காலையில் ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டுக்கு நின்று, மலைக்கு ஏறி, அந்தி வரைக்கும் கொழுந்து பறித்தால் கணக்கப்பிள்ளை செக்ரோல் பதிவேட்டில் ஒரு கோடு போடுகிறாரே, அதுதான் பேர். அன்றைய உழைப்புக்கு அதுதான் சாட்சி. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். பெரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேர். கணக்கப்பிள்ளைக்கும் அவர் பெண்டாட்டிக்கும் சண்டை என்றாலும் அரைப்பேர்தான். அதை யார் போய்க் கேட்பது? இராசம்மா தன் ஆயுசில் வாங்கிய அரைப்பேர்களைக் கோத்தால் ஹட்டனிலிருந்து நுவரெலியா வரைக்கும் மாலை கட்டலாம். அவற்றில் முக்கால்வாசியைப் போட்டவர் பழனியாண்டிக் கணக்கப்பிள்ளை.

அந்தப் பழனியாண்டியின் மகன் கணேசமூர்த்தி. இராசம்மாவின் மகன் சூசைரட்ணம். இந்த இரண்டு பேரும் உயிர்ச் சிநேகிதர்கள் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அப்படித்தான் இருந்தார்கள்.

ஹட்டன் பள்ளிக்கூடத்தில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. சூசைரட்ணத்துக்குக் கணக்கு வரும், பேச்சு வராது. கணேசமூர்த்திக்குப் பேச்சு வரும், கணக்கைச் சூசையைப் பார்த்து எழுதிக்கொள்வான். பிறகு கணேசமூர்த்தி கொழும்புக்குப் போய் எஞ்சினியராகி, அங்கேயே ஒரு கல்லூரியில் விரிவுரையாளனும் ஆனான். சூசைரட்ணம் வீட்டிலிருந்தே லண்டன் பட்டப் பரீட்சைக்குப் படித்துத் தேறி, ஹட்டனில் கணக்கு வாத்தியார் ஆனான். ஒவ்வொரு லீவுக்கும் கணேசமூர்த்தி மலைக்கு வருவான். வந்தால் பெரிய வீடுகளுக்குப் போகமாட்டான். நேராக இராசம்மாவின் லயத்து வீட்டுக்கு வந்து, வாசலில் கவிழ்த்துப் போட்ட தேயிலைப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு சாயத்தண்ணி குடிப்பான். கணக்கப்பிள்ளை மகன் நம் வாசலில்! மனிதன் மயங்குவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அறுபத்து மூன்றாம் வருசம் பிறந்தபோது அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்துதான் அவன் ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையை விரித்தான். முந்தின வருசம் கனடாக்காரர்கள் ஒரு செயற்கைச் சந்திரனை மேலே விட்டிருந்தார்கள். தோட்டத்தில் மேலே போகிற எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், இஸ்புட்னிக்கு. ஆனால் இதில் ஒரு புதுமை இருந்தது. சந்திரன் உருண்டையாக, சின்னதாக இருந்தாலும் அதன் கைகள் யூக்கலிப்டஸ் மரத்து நீளம். அவ்வளவு நீளக் கையை ராக்கெட்டின் மூக்குக்குள் எப்படி அடைப்பது? மெல்லிய உருக்கு நாடாவாகச் செய்து, தச்சர் வைத்திருக்கிற அளவு நாடாவைப் போல உள்ளே சுருட்டி வைத்துவிட்டார்கள். மேலே போனபிறகு சுருள் விரிந்து வெளியே நீளும்.

"விரியும்போது என்ன ஆகும் மச்சான்?" என்று கணேசமூர்த்தி கேட்டான். "சுத்திக்கிட்டே இருக்கிற ஒரு சாமான் திடீர்னு கைய நீட்டுனா எப்படிச் சுத்தும்? அதுக்கு ஒரு கணக்குப் போடணும். நீ கணக்கப் போடு. நான் கொழும்புல டின்னுல ஒரு பொம்மைச் சந்திரன் செஞ்சு காட்டுறேன். ரெண்டு பேரு பேருலயும் கட்டுரை."

அதோடு இன்னொன்றும் சொன்னான். விண்வெளி நேயர்கள் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. கொழும்புப் பெரிய மனிதர்களெல்லாம் அதில் அங்கத்தவர்கள். சித்திரை மாதம் நுவரெலியா சீசனுக்கு வரும்போது அங்கேயே கூட்டம் வைப்பார்கள். சங்கத் தலைவர் ஒரு வெள்ளைத்தலைப் பேராசிரியர். கொழும்பில் புதிதாகத் திறக்கப்போகிற ஆய்வுகூடத்துக்குக் கணிதம் தெரிந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறார். கூட்டத்தில் கட்டுரை படிக்கிறவர்களிலிருந்துதான் எடுப்பார். தங்குவதற்கு வீடும் உண்டு.

"அந்த வேலை உனக்குத்தான் மச்சான். எனக்கென்ன, நான் ஏற்கெனவே கொழும்புலதானே இருக்கேன்."

வீடு என்ற சொல்லைக் கேட்டதும் சூசைரட்ணத்தின் கண் அம்மாவின் காலுக்குப் போனது. இராசம்மாவின் வலது முழங்கால் கெட்டுப்போய் வெகுநாளாகிவிட்டது. மழை நாளில் ஒரு கையில் கம்பை ஊன்றி, நெற்றியில் கயிற்றை மாட்டி, முதுகில் கூடையோடு அவள் செங்குத்து மலையில் ஏறுவதைப் பள்ளிக்கூட ஜன்னலிலிருந்து அவன் பார்த்திருக்கிறான். பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அவள் வேலையை விட்டால் தோட்டம் கொடுத்த லயத்தை விட வேண்டும். லயத்தை விட்டுவிட்டு வாத்தியார் சம்பளத்தில் ஹட்டன் டவுனில் வீடு பிடிக்க முடியாது. கொழும்பு வேலை கிடைத்தால் அம்மா மலையை விட்டு இறங்கிவிடலாம். அவனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

உட்கார்ந்தான், போட்டான். கனடாக்காரர்களுடையதைப் போல உருண்டையாக இல்லாமல் நெட்டையான உடம்பும் இரண்டு கைகளும் உள்ள ஒரு சந்திரனைத் தன் மனசுக்குள் செய்து, அதைச் சுற்றவிட்டு, கைகளை நீட்டவிட்டு, சமன்பாடு சமன்பாடாக அதைத் துரத்தினான். கைகளை விறைத்த கோல்கள் என்று வைத்துக்கொண்டால் கணக்கு அழகாக முடிந்தது. கை நீண்டதும் வேகம் குறையும், ஆனால் சந்திரன் பம்பரம் போல நெட்டுக்கு நின்றபடியே சுற்றும். கணேசமூர்த்தி கைதட்டினான். சூசைரட்ணத்துக்கு மட்டும் உள்ளே ஏதோ உறுத்தியது.

தைப்பொங்கல் லீவில் பள்ளிக்கூடத்து மரவேலை அறைக்குக் கணேசமூர்த்தியைக் கூட்டிக்கொண்டு போனான். அளவு நாடாவின் ஒரு முனையைக் குறட்டில் இறுக்கிப் பிடிக்கவைத்து, மறுமுனையைச் சுண்டினான். நாடா கிர்ரென்று ஆடியது, மெல்ல அடங்கியது.

"ஆட்டம் எங்க போச்சு?" என்றான் சூசைரட்ணம்.

"எங்க போகும்? நின்னு போச்சு."

"நின்னு போச்சுன்னா எங்கயோ போயிருக்கணும்ல மச்சான். நாடா வளையுது, நிமிருது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சக்தி சூடா ஒழுகிப்போகுது. மேல சுத்திக்கிட்டிருக்கும்போது அந்தச் சக்தி யாருகிட்டருந்து ஒழுகும்? சந்திரனோட சுழற்சியிலருந்துதானே! ஆனா சுழற்சி உந்தம் ஒழுகாது. வெளியிலருந்து யாரும் கை வைக்காத வரைக்கும் அது அப்படியே இருக்கும். இப்ப யோசி. ஒரு வீட்டுல வரும்படி குறைஞ்சுபோச்சு, குடும்பத்த விட முடியாது. என்ன செய்வாங்க? செலவு கம்மியா ஒரு பொழப்புப் பொழைப்பாங்க. நெட்டுக்கு நின்னு சுத்துறதுதான் அதுக்குச் செலவு அதிகம். படுத்துக்கிட்டுச் சுத்துனா செலவு கம்மி. அதனால ஒழுக ஒழுகச் சந்திரன் சாயும். கடைசில படுத்துரும்."

கணேசமூர்த்தி தானும் ஒரு தடவை நாடாவைச் சுண்டிப் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டு தோளில் கை போட்டான்.

"இதெல்லாம் இப்ப வேணாம் மச்சான். வளையுற கையக் கணக்குல சேத்தா கட்டுரை முடியாது. அங்க உக்காந்திருக்கிறவங்களுக்கு அவ்வளவு பொறுமையும் கிடையாது. கோல்னே வச்சுக்க. நான் சொன்னா கேளு, எனக்கு அந்த ஆளுங்களத் தெரியும்."

சூசைரட்ணத்துக்கு அந்த ஆளுங்களைத் தெரியாது. நாடா வளைவதைப் பற்றி எழுதியிருந்த பக்கங்களைத் தன் கையாலேயே எடுத்துப் போட்டான். சிநேகிதன் சொன்னான் என்பதற்காகத் தன் வயிற்றில் பிறந்த பிள்ளையைத் தானே வெளியே தள்ளினது போல இருந்தது. ஆனாலும் தள்ளினான்.

சித்திரை வருசப் பிறப்புக்குக் கொஞ்சம் முன்னால் கணேசமூர்த்தி மறுபடி வந்தான். கையில் பெரிய மஸ்கோத்து இனிப்புப் பெட்டி. வழக்கமான தேயிலைப் பெட்டியில் உட்கார்ந்தான். சாயத்தண்ணியை வாங்கிக்கொண்டு, இராசம்மாவைப் பார்த்துத்தான் பேச்சை எடுத்தான்.

"கட்டுரையிலருந்து என் பேர எடுத்துட்டேங்கம்மா. அச்சுக்குக் குடுத்தாச்சு. உழைச்சவன் ஒங்க மகன். நான் என்ன செஞ்சேன், ஒரு டின்ன வெட்டி ஒட்டுனேன். ரெண்டு பேருக்கும் பாதிப் பாதியா எதுக்கு? முழுப்பேரும் சூசைக்கே."

இராசம்மா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "மாதாவே!" என்று ஒரு சொல்தான் வந்தது. இவனுடைய அப்பன், காய்ச்சல் கண்ட கைப்பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய்விட்டு ஓடிவந்து பெரட்டில் நின்றவளுக்கு அரைப்பேர் போட்டவன். அந்தக் கைப்பிள்ளைக்கு இன்றைக்கு அவன் மகன் முழுப்பேர் கொடுக்கிறான்! தெய்வம் கணக்குப் பார்க்கிறது என்றுதானே அவளுக்குத் தோன்றும்?

சூசைரட்ணமும் அழுதான். "மச்சான், நீ மனுசன்டா" என்றான்.

அட பைத்தியக்காரா! ஏன் என்று ஒரு சொல் கேட்டாயா? வேறு ஊர்க்காரனாக இருந்தால் கேட்டிருப்பான். அச்சுக்குக் கொடுக்கிற நேரத்தில் எதற்காகப் பேரை எடுக்கிறாய், டின் எப்படிச் சுற்றுகிறது, ஓட்டிப் பார்த்தாயா என்று துருவியிருப்பான். லயத்தில் பிறந்தவன் கேட்கமாட்டான். அரைப்பேர் போட்டால்தான் அங்கே மனம் கேள்வி கேட்கும். முழுப்பேர் விழுந்தால் வாயை மூடிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போய்விட வேண்டும். கிண்டினால் அதையும் பாதியாக்கிவிடுவார்கள். தலைமுறை தலைமுறையாக முதுகெலும்புக்குள் இறங்கின பழக்கம் அது. லண்டன் பரீட்சை தேறினாலும் அது போகாது.

நுவரெலியாவில் சீசன் களைகட்டியிருந்தது. குதிரைப் பந்தயத்துக்கு வந்த கொழும்புக்காரர்கள் கம்பளிச் சட்டையும் தொப்பியுமாகத் தெருவை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். கூட்டம் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கிளப் மண்டபத்தில். இராசம்மா தானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "மகன் பேரக் கூப்பிடுறத என் காதால கேக்கணும்" என்றாள். பூசைக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, மண்டபத்தில் கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்தாள். இங்கிலீசு ஒரு சொல் தெரியாது. மேடையில் மகன் ஏறினபோது தலைவர் அச்சடித்த தாளைப் பார்த்து அவன் பேரை வாசித்தார். வேறு பேர் வாசிக்கவில்லை. அது அவளுக்குப் புரிந்தது.

சூசைரட்ணம் முதலில் திக்கினான். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் தடை விட்டுப்போனது. கணக்கு அவனுக்குத் தாய்மொழி அல்லவா? நெட்டைச் சந்திரன் சுழன்றது, கை நீட்டியது, வேகம் குறைந்தது, நின்றபடி சுற்றியது. எல்லாம் சுண்ணாம்புக் கட்டியில் சுத்தமாக நடந்தது. வெள்ளைத்தலைப் பேராசிரியர் முன்னால் சாய்ந்து கேட்டார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் கணேசமூர்த்தி. புதுக் கோட்டு, புது டை. சூசைரட்ணம் ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டான். கணேசமூர்த்தி தலையை ஆட்டி ஆட்டித் தைரியம் கொடுத்தான்.

அடுத்தது பொம்மைச் சந்திரன். கொழும்புக் கல்லூரியின் பட்டறையில் உதவியாளாக இருக்கும் சிவசாமி அதைக் கொண்டுவந்திருந்தான். இரண்டு பால்மா டின்களை நெட்டுக்கு ஒட்டி வெள்ளி வர்ணம் அடித்தது. உத்திரத்திலிருந்து மெல்லிய தூண்டில் நரம்பில் தொங்கியது. வயிற்றுக்குள் இரண்டு உருக்கு நாடாச் சுருள்கள், வெளியே வராமல் ஒரு நூல் கட்டு. சிவசாமி நரம்பை முறுக்கி டின்னைச் சுற்றவிட்டான். விர்ரென்று சுழன்றது. அழகாக, நெட்டாக, ஆடாமல் அசையாமல் சுழன்றது. சூசைரட்ணம் தீக்குச்சியைக் கிழித்து நூலைப் பொசுக்கினான்.

டிக்கென்று ஒரு சத்தம். இரண்டு நாடாக்களும் இரண்டு பக்கமும் பாய்ந்தன. வேகம் குறைந்தது. கணக்குச் சொன்னபடியே குறைந்தது. நாலைந்து பேர் கைதட்டினார்கள்.

அதற்குள் நாடாக்கள் நெளிய ஆரம்பித்துவிட்டன. பின்பக்கம் வளைந்தன, முன்பக்கம் நிமிர்ந்தன, மறுபடி வளைந்தன. டின்னின் தலை லேசாகச் சுழித்தது. சுழிப்பு பெரிதானது. நில், நில் என்று சூசைரட்ணம் மனசுக்குள் கெஞ்சினான். டின் கள் குடித்தவனைப் போலத் தள்ளாடி, சாய்ந்து, சாய்ந்து, கடைசியில் முழுக்கப் படுத்துக்கொண்டு காற்றாடி மாதிரி சுற்றத் தொடங்கியது. நாடா ஒன்று முன்வரிசைப் பெண்மணியின் தொப்பியைத் தட்டிவிட்டது. மண்டபம் முழுக்கச் சிரித்தது.

சூசைரட்ணம் ஓடிப்போய் டின்னைப் பிடித்தான். மறுபக்கம் பிடித்துக்கொண்ட சிவசாமி, குரலைத் தாழ்த்தி, ஆறுதலாகச் சொல்லுகிற பாவனையில் சொன்னான்:

"கவலப்படாதீங்க சேர். இது கொழும்புலயும் இப்படித்தான் படுத்துச்சு. எத்தன தடவ ஓட்டிப் பாத்தாரு மூர்த்தி சேர்! ஒரு தடவயாச்சும் நிக்கலியே. ஒங்ககிட்ட சொல்லியிருப்பாரே?"

"எப்ப?" என்றான் சூசைரட்ணம். "எப்ப ஓட்டிப் பாத்தாரு?"

"கட்டுரை அச்சுக்குப் போறதுக்கு ஒரு கிழமைக்கு முந்திதான்."

கைக்குள் இருந்த டின் சில்லிட்டது. மஸ்கோத்துப் பெட்டி, சாயத்தண்ணி, முழுப்பேரும் சூசைக்கே. எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. நிமிர்ந்து பார்த்தான். சபையில் கேள்விக்கு ஒருவர் எழுந்து நின்றிருந்தார். கணேசமூர்த்தி.

என்ன இங்கிலீசு, என்ன பணிவு! கட்டுரை ஆசிரியரின் கணிதத்திறமை போற்றத்தக்கது என்று ஆரம்பித்தான். ஆனால் ஒரு சின்னச் சந்தேகம். கைகளை விறைத்த கோல்கள் என்று ஆசிரியர் ஏன் எடுத்துக்கொண்டார்? உருக்கு நாடா வளையும் அல்லவா? வளையும் ஒவ்வொரு தடவையும் சக்தி சூடாக ஒழுகும் அல்லவா? உந்தம் குறையாமல் சக்தி மட்டும் குறைந்தால், செலவு குறைந்த நிலைக்குத்தானே சந்திரன் போய்ச் சேரும்? வருமானம் குறைந்த குடும்பம் சிக்கனமாக வாழப் பழகுவது போல என்று சபை நோக்கிச் சிரித்தான். சபையும் சிரித்தது. வெள்ளைத்தலைப் பேராசிரியர் நாற்காலியிலேயே திரும்பி அவனை வியப்போடு பார்த்தார். யாரோ கைதட்டினார்கள், மண்டபம் முழுக்கத் தொடர்ந்தது. கடைசி வரிசையில் இராசம்மாவும் தட்டினாள்.

அந்தக் குடும்பக் கதையைக்கூட விடவில்லை பாவி! சொல்லுக்குச் சொல் சூசைரட்ணத்தின் சொல். மரவேலை அறையில் குறட்டைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டதை அப்படியே கொட்டினான். தப்பை முழுசாகச் சூசைரட்ணத்தின் தலையில் கட்டினான். அந்தத் தப்பைக் கண்டுபிடித்த பெருமையைத் தான் எடுத்துக்கொண்டான். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவனைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவன் பிள்ளையையே திருடிக்கொண்டு தொட்டிலை ஆட்டினான்.

"இது என்னுடைய சந்தேகம்" என்றான் சூசைரட்ணம். "தை மாதமே இதை எழுதினேன். இவர்தான் எடுக்கச் சொன்னார். இவரும் நானும் சேர்ந்துதான் இந்தக் கட்டுரையை..."

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அச்சடித்த தாளை எடுத்தார். "இதில் உங்கள் பெயர் மட்டும்தானே இருக்கிறது?" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. பிறகு பக்கத்தில் திரும்பி, "நீங்கள் இதில் பங்காளியா?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா" என்றான் கணேசமூர்த்தி. "டின் செய்ய உதவினேன், அவ்வளவுதான். நண்பர் பதற்றத்தில் பேசுகிறார். தயவுசெய்து பெரிதுபடுத்த வேண்டாம்."

பெரிய மனசு! சபை அதற்கும் உச்சுக்கொட்டியது. சூசைரட்ணம் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினான்.

தேநீருக்கு எல்லோரும் புல்வெளிக்குப் போனார்கள். பேராசிரியர் கணேசமூர்த்தியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஏரிப்பக்கமாக நடந்ததையும், பேசிப்பேசித் தலையாட்டியதையும், கடைசியில் கை குலுக்கியதையும் சூசைரட்ணம் வேலியோரம் நின்று பார்த்தான். கைகுலுக்கல் முடிந்ததும் கணேசமூர்த்தி நேராக இவனிடம்தான் வந்தான். அந்தத் துணிச்சலும் அவனுக்கு இருந்தது.

"மச்சான், கோவிச்சுக்காத. நான் கேக்கலேன்னா வேற எவனாச்சும் கேட்டிருப்பான்."

"நிக்காதுன்னு உனக்குத் தெரியும்."

"டின்னுதானே மச்சான், சில நேரம் நிக்கும்..."

"ஒரு தடவையும் நிக்கல. பாத்துட்டுத்தான் பேர எடுத்தே. எங்கம்மா முன்னாடி உக்காந்து, சாயத்தண்ணி குடிச்சிக்கிட்டு எடுத்தே."

கணேசமூர்த்தி நாலாபக்கமும் பார்த்துக்கொண்டான். "சத்தம் போடாத. அந்த வேலைக்கு என்னை வரச்சொல்லிட்டாரு. நான் உள்ள போனா நாளைக்கு உன்னையும் இழுத்துக்க மாட்டேனா? வளையுற கையோட முழுக் கணக்கையும் நீதான் போடணும், என்னால முடியுமா? இந்தத் தடவ கட்டாயம் ரெண்டு பேரு பேரும் போடுவோம்."

சூசைரட்ணத்தின் கை தானாக மடங்கியது. கன்னத்தில் ஒன்று கொடுத்திருப்பான். கொடுத்திருக்க வேண்டும்! அந்த நேரம் பார்த்து இராசம்மா வந்துவிட்டாள். கம்பை ஊன்றிக்கொண்டு, கோப்பையும் தட்டுமாக நின்ற துரைமாரையும் நோனாமாரையும் விலக்கிக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக வந்தாள். கைதட்டல் காதில் விழுந்திருந்தது. பெரிய ஐயா கைகுலுக்கியதையும் பார்த்திருந்தாள். மகனுக்கு வேலை பேசி முடித்துவிட்டார்கள் என்றல்லாமல் அவளுக்கு வேறு எப்படிப் புரியும்?

கம்பைப் புல்லில் போட்டாள். இரண்டு கையையும் எடுத்துத் தலைக்கு மேல் வைத்துக் கும்பிட்டாள். முழங்கால் மடங்காது; மடக்கினாள். கணேசமூர்த்தியின் காலுக்குக் கிட்ட வரைக்கும் குனிந்தாள்.

"நீங்க நல்லாயிருக்கணும் சின்னையா. எம் புள்ளைக்கு முழுப்பேரு வாங்கிக் குடுத்தீங்களே. ஒங்க வம்சம் தழைக்கணும்."

கணேசமூர்த்தி ஒரு கணம் சூசைரட்ணத்தைப் பார்த்தான். பிறகு குனிந்து அவளைத் தோளில் தொட்டுத் தூக்கி, "எந்திரிங்கம்மா, நான் என்ன செஞ்சேன்" என்றான். கும்பிட்டை வாங்கிக்கொண்டான். சூசைரட்ணம் வாயைத் திறந்தான். சுற்றிலும் கோப்பைகள் நின்று பார்த்தன. அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவன் முன்னால் கண்டதில்லை. வாயை மூடிக்கொண்டான்.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. இராசம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். கொழும்பில் கடல் காற்று முழங்காலுக்கு நல்லதாமே. கோழிகளை யாரிடம் கொடுப்பது? கொழுந்துக் கூடையை அடுத்த வீட்டு அம்மாக்கண்ணுவுக்குக் கொடுத்துவிடலாம், அவள் கூடை பிஞ்சு போச்சு. கயிற்றையும் அவளுக்கே கொடுத்துவிடலாம். நானுஓயா தாண்டினதும் மகனின் தொடையில் தட்டினாள்.

"எப்பப்பா போறோம்?"

அவன் பஸ் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"ஒன்னத்தான். பெரட்டுல சொல்லணும்ல, கணக்குத் தீர்க்கச் சொல்லி. எப்பப் போறோம்?"

"நாம போகலம்மா" என்றான் சூசைரட்ணம். "அந்த வேல கணேசமூர்த்திக்குக் கெடைச்சிருச்சு."

பிறகு சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். நாடாவை, குறட்டை, எடுத்துப்போட்ட பக்கங்களை, டின் கொழும்பிலேயே படுத்ததை, பேரை எடுத்த காரணத்தை. கைதட்டல் யாருக்கு விழுந்தது என்பதையும் சொன்னான். கணக்கு இராசம்மாவுக்கு விளங்கவில்லை, ஆனால் நடந்தது நன்றாக விளங்கியது. பேர் போடுகிற வித்தையை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலவாக்கலை வரைக்கும் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதெல்லாம் ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

"டின்னு படுத்த ஒடனயே தெரியும்."

"அப்ப நான் அவன் கால்ல குனிஞ்சப்ப, தெரிஞ்சுக்கிட்டேதான் பக்கத்துல நின்னியா?"

அவன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

"சொல்லுடா. தெரிஞ்சுக்கிட்டேதான் நின்னியா?"

"ஆமாம்மா."

இராசம்மா கம்பை எடுத்தாள். முன் சீட்டின் கம்பியைப் பிடித்து எழுந்தாள். பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அவன் பதறிக் கையை நீட்டினான், அவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. நொண்டி நொண்டி, ஒவ்வொரு சீட்டாகப் பிடித்துக்கொண்டு போய், டிரைவருக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்துகொண்டாள்.